மேட்டுப் பக்கம் போகும் பந்து

குண்டசாலையில் சுந்தரியைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் குரலைக் கேட்காதவர்கள் இருக்க வழியே இல்லை. பகலெல்லாம் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் தையல் வரிசையை மேய்க்கிற வேலை. மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி விளைந்த தொண்டை அது. வீட்டில் புருஷன் காளிமுத்துவிடம் கொஞ்சம் உப்பு எடுத்துத் தரச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் உப்பு ஜாடியோடு வந்து நிற்பார். மனுஷியிடம் வஞ்சகம் கிடையாது. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

அந்தக் கோபம்தான் அவளை உதைபந்தாட்டப் பயிற்சியாளர் ஆக்கியது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கார்மென்ட் டீமில் ஆடியவள். நாக்கு எவ்வளவு வேகமோ கால் அதைவிட வேகம். குண்டசாலைக் கழகம் பெண்கள் டீம் ஒன்று தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும், நாமும் ஒரு கை கொடுப்போமே என்று போனாள். அங்கே பயிற்சியாளர் இராமையா மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் முந்திவிடும்.

"நல்லதாப் போச்சு சுந்தரி. பிள்ளைகளுக்குப் பிளேன்டீ ஊத்த ஒரு ஆள் இல்லாம இருந்திச்சு" என்றார்.

அவர் பாவம், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. சுந்தரி அன்றைக்கு எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினாள், கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிறு தெல்தெனிய பஸ்ஸில் ஏறினாள். அங்கே பெண்கள் டீமே கிடையாது. அதனால் என்ன? மஹ்மூத் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடை மாடியில் போய் நின்றாள். ஹாஜியார் இளவயதில் பந்து பந்து என்று அலைந்து முழங்காலைத் தொலைத்த மனிதர். ஊரில் யார் பந்தைத் தொட்டாலும் ஜேர்சி வாங்கிக் கொடுப்பார்.

"எனக்கு ஒரு பொம்பளப் புள்ளைங்க டீம் வேணும் ஹாஜியார்" என்றாள்.

"மொதல்ல உக்காருங்க" என்றார் ஹாஜியார்.

அவர் கதிரையை இழுத்துப் போடுவதற்குள் யார் எங்கே ஆடுவது என்பதுவரை அவள் சொல்லி முடித்துவிட்டாள். தெல்தெனிய மின்மினிகள் பிறந்த கதை இதுதான். முதல் வருடம் மின்மினிகள் கடைசியாக வந்தார்கள். மூடி மறைப்பானேன், கடைசிக்கு முந்தின இடத்தில் வந்த குண்டசாலையே அவர்களுக்குப் பக்கத்தில் சாம்பியன் மாதிரித் தெரிந்தது. அப்படி ஒரு கடைசி.

ஆனால் கடைசியாக வருவதிலும் ஒரு லாபம் இருந்தது. கண்டியைச் சுற்றியுள்ள ஆறு கழகங்களும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. முன்பெல்லாம் நன்றாக ஆடும் பிள்ளை ஒருத்தி எங்காவது தலைகாட்டினால், எல்லாக் கழகத்தாரும் மாறி மாறி அவள் வீட்டு வாசலில் நின்று தாய் தகப்பனுக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பார்கள். அதில் பெரிய சண்டையாகி, கடைசியில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஒரு தரம் புதுப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே மைதானத்தில் ஆடவிட்டுப் பார்ப்பது. பிறகு கழகங்கள் முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி எடுத்துக்கொள்வது. போன வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் வாய்ப்பு. எடுத்த பிள்ளைக்கு உடனே நம்பர் கிடையாது. முதுகு வெறுமையான ஜேர்சியோடு ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். அதன் பிறகு கழகம் உட்கார்ந்து பேசித் தேறியவளுக்கு முதுகில் நம்பர் தைத்துக் கொடுக்கும். தேறாதவளை விட்டுவிடும். வேறு கழகம் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வருடம் தெரிவு நாளில் எல்லாக் கண்ணும் கைரியாமேல்தான். கண்டியில் பெரிய பள்ளிக்கூடமொன்றின் டீமுக்குத் தலைவியாக இருந்த பிள்ளை. நல்ல உயரம், இரண்டு காலும் ஒன்றுபோலப் பேசும். முதல் வாய்ப்பு சுந்தரிக்கு, இரண்டாவது இராமையா மாஸ்டருக்கு. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. கைரியா கைவிட்டுப் போன துக்கத்தை அவர் முன்கூட்டியே அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நடுவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தன் கோல்காப்பாளரிடம் பந்தைத் திருப்பிக் கொடுத்தாள். பந்து கோல்காப்பாளரிடம் போகவில்லை. ஒரு பக்கமாக விலகிப் போய், சொந்தக் கோலுக்குள்ளேயே நிதானமாக உருண்டது. மைதானமே சிரித்தது. அவள் பெயர் வேறு மூக்காயி. குலசாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்ததால் வைத்த பெயர். அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தார்கள்.

மூக்காயி யாரையும் பார்க்கவில்லை. ஓடிப்போய் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, அதே ஓட்டத்தில் நடுமைதானத்துக்குக் கொண்டுவந்து வைத்து, ஆட்டம் தொடங்கக் காத்து நின்றாள். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்கிற மாதிரி.

சுந்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கார்மென்ட்டில் புதுப் பிள்ளைகளை எடைபோடுவதுதான் அவள் பிழைப்பு. தையல் கோணினால் சிலது அழும், சிலது துணியை மடிக்கு அடியில் ஒளிக்கும், சிலது பக்கத்துக்காரியைக் கைகாட்டும். அபூர்வமாக ஒருத்தி நூலை அறுத்துவிட்டு மறுபடி தொடங்குவாள். அந்த ஒருத்தியை சுந்தரி விடவே மாட்டாள். முதல் நாள் யார் நன்றாகத் தைக்கிறாள் என்று அவள் பார்ப்பதே இல்லை.

"தெல்தெனிய, முதல் பேரைச் சொல்லுங்க" என்றார்கள்.

"மூக்காயி."

பக்கத்தில் இருந்த ஹாஜியாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இராமையா மாஸ்டர், எங்கே இவள் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று, தன் முறை வருமுன்னே "கைரியா, கைரியா" என்று இரண்டு தரம் சொன்னார். அடுத்தடுத்த சுற்றுகளில் சுந்தரி இரண்டு பேரை எடுத்தாள். ஒருத்தி ஹபீலா, திகனைப் பிள்ளை, கோல்காப்பாளர்; தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாயை மட்டும் திறந்து விடுகிறவள். இன்னொருத்தி பாலாம்பிகை. ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று யாரும் எடுக்கவில்லை, ஆனால் ஓட்டம் என்றால் அப்படி ஓட்டம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹாஜியார் கேட்டே விட்டார்.

"கைரியாவ உட்டுட்டு, சொந்தக் கோல்லயே அடிச்ச புள்ளைய எடுத்தீக்கிறீங்க சுந்தரி."

"ஆமா. அவ தேறலைன்னா இந்த விசிலைக் கழட்டி உங்க கையில குடுத்துட்டு வீட்டுல உக்காந்துக்கிறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். பஸ்ஸில் இருந்த பாதிப் பேருக்கு அது கேட்டது. மறுநாள் காலைக்குள் இராமையா மாஸ்டருக்கும் கேட்டுவிட்டது.

ஐந்து ஆட்டம் முடிந்தது. மின்மினிகள் ஒன்றில் வென்றார்கள், ஒன்றில் சமன் செய்தார்கள், மற்ற மூன்றைப் பற்றிப் பேச வேண்டாம். ஞாயிறு பின்னேரம் ஹார்ட்வெயார் கடை மாடியில் பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பணிஸும் வைத்துக்கொண்டு ஹாஜியாரும் சுந்தரியும் உட்கார்ந்தார்கள். கீழே மூன்று புதுப் பிள்ளைகளும் பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் காத்திருந்தார்கள்.

ஹபீலாவைப் பற்றிப் பேச்சே வரவில்லை. வரும் பந்தையெல்லாம் பிடித்தாள். பிடித்துவிட்டுத் தன் பின்வரிசைக்காரிகளை ஏசினாள், நடுவரையும் ஒரு தரம் ஏசிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கினாள்.

"இந்தப் புள்ளட வாய்க்கே கோல் போட யோசிப்பாளுகள். நம்பர் குடுங்க" என்றார் ஹாஜியார்.

பாலாம்பிகை விஷயத்தில் கொஞ்சம் இழுபறி. ஓடுகிறாள், சரி. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆஃப்சைட். முன்னாலேயே போய் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்கிறாள், கொடி தூக்கிவிடுகிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவள் அழாக்குறையாகச் சொல்லியிருந்தாள்: "மூக்காயி குடுக்கிற பந்து எங்கிட்ட வர்றதேயில்ல மிஸ். முதல் பாதியில எனக்கு இடதுல போகுது, அடுத்த பாதியில வலதுல போகுது. முன்னுக்குப் போயி நின்னாலாவது புடிக்கலாம்னு பாத்தேன்." ஓட்டத்தைப் பார்த்து அவளுக்கும் நம்பர் கொடுப்பதாக முடிவானது.

பிறகு ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூக்காயி ஓடுது, விழுது, எழும்புது, எல்லாம் சரி. ஆனா அது குடுக்கிற நீளப் பந்து ஒண்டாவது நம்ம புள்ளைகள்ட காலுக்குப் போய்ச் சேந்தீக்கா? கால் கோணல் சுந்தரி. இத நான் மனசு நோகச் சொல்லல்ல."

சுந்தரி கடித்த பணிஸைத் தட்டில் வைத்தாள். விசில் போவதைப் பற்றி அல்ல அவள் கவலை. அந்தப் பிள்ளையின் தாய் நல்லம்மா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டிருந்தாள்: முதுகில் நம்பர் ஏறினால் பிள்ளை ஆடட்டும், ஏறாவிட்டால் கொழும்பில் சித்தி பார்த்து வைத்திருக்கும் துணிக்கடை வேலைக்குப் போகட்டும், பந்துக் கதை அதோடு சரி.

"ஒரு ஆட்டம் குடுங்க" என்றாள் கடைசியில், அவளுடைய குரலா என்று கேட்கும்படி.

ஹாஜியார் மனம் இளகியவர். "குண்டசாலையோட அடுத்த கிழமை ஆட்டம். அது மட்டும். அதுலயும் இதே கததான்னா உட்டுடுவம்."

அடுத்த பயிற்சிக்கு மூக்காயி வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. முதுகில் நம்பர் ஏறிய இரண்டு பேருக்கு நடுவில் வெறும் முதுகோடு நிற்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? சுந்தரி அரைநாள் லீவு போட்டுவிட்டு ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ் ஏறினாள். போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஏசிக்கொண்டே போனாள். சொல்லாமல் கொள்ளாமல் வராமலிருப்பதா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஒரு வார்த்தை சேர்ந்து, தோட்டத்தில் இறங்கும்போது நாலு நாற்பதாகியிருந்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நல்லம்மா அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ். நீங்க வந்திருக்கீங்க, நான் என்னத்தச் சொல்றது. அடுத்த மாசம் கொழும்புக்கு அனுப்புறதாத்தான் இருக்கேன். பாருங்க, அங்கதான் கெடக்குது, பந்தோட" என்று மேலே கையைக் காட்டினாள்.

லயத்துக்குப் பின்னால்தான் தோட்டத்து மைதானம். அதை மைதானம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மலையின் வயிற்றில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்த மாதிரி இடம். ஒரு ஓரம் மேடு, மறு ஓரம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே தேயிலை. அதில்தான் மூக்காயியும் லயத்துப் பெண்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுந்தரியைக் கண்டதும் மூக்காயி அப்படியே நின்றுவிட்டாள். பந்து உருண்டு சுந்தரியின் காலடிக்கு வந்தது.

ஏச வந்தவள்தான். ஆனால் பந்து காலடியில் கிடக்கும்போது எதிரில் ஒருத்தி நின்றால் சும்மா இருக்கிற கால் அல்ல அது. மூக்காயியைப் பார்த்து நேராக, அழகாக, ஒரு பந்து கொடுத்தாள். பந்து பாதித் தூரம் நேராகப் போனது, பிறகு மெல்லப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது, சாய்ந்து சாய்ந்து போய்த் தேயிலைக்குள் விழுந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுந்தரிக்கு அசடு வழிந்தது.

"இங்க அப்பிடி நேரா அடிக்கக் கூடாது மிஸ்" என்றாள் மூக்காயி. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். "மேட்டுப் பக்கம் பாத்து அடிக்கணும். அப்பத்தான் எறங்கி வந்து காலுக்குச் சேரும். நேரா அடிச்சா நாமதான் தேயிலைக்குள்ள எறங்கித் தேடணும்."

சொல்லிவிட்டு, தேயிலையிலிருந்து எடுத்து வந்த பந்தை வாங்கி அடித்துக் காட்டினாள். பந்து யாரும் இல்லாத மேட்டைப் பார்த்துப் போனது. சரிவில் வளைந்து இறங்கியது. அந்தக் கோடியில் நின்றவள் காலை அசைக்கவே இல்லை. பந்து தானாக வந்து அவள் காலில் நின்றது.

சுந்தரியின் கண்முன் ஐந்து ஆட்டமும் திரும்ப ஓடின. முதல் பாதியில் இடது, அடுத்த பாதியில் வலது. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறியதும் இடது வலதாகிவிடும், ஆனால் மலை இருந்த இடத்தில்தான் இருக்கும். தெல்தெனியவில் ஒரு பக்கம் ஹுன்னஸ்கிரிய மலை, மறுபக்கம் நீர்த்தேக்கம். அங்கே பந்து போனதெல்லாம் மலைப் பக்கம். மற்ற ஊர்களிலும் அப்படித்தான். கண்டியில் மலை தெரியாத மைதானத்துக்கு எங்கே போவது? தெரிவு நாளில் சொந்தக் கோலுக்குள் போன அந்தப் பந்துகூட மலைப் பக்கந்தான் விலகியது. இந்தப் பிள்ளைக்குக் கால் கோணல் இல்லை. பிறந்ததிலிருந்து மேட்டைப் பார்த்து அடித்த கால், சமதரையிலும் மேட்டைத் தேடுகிறது.

"ஏய், கீழ ஆடுறப்பவும் நீ மேட்டுப் பக்கம் பாத்துத்தான் அடிக்கிறியா?"

மூக்காயி விழித்தாள். "இல்ல மிஸ். நேராத்தான் அடிக்கிறேன். போறப்ப அது எங்கயோ போயிருது. திருத்திப் பாத்தேன். திருத்த நெனச்சா காலே வரமாட்டேங்குது."

"திருத்தாத" என்றாள் சுந்தரி. கீழே லயத்தில் இருந்த நல்லம்மா என்ன கலவரமோ என்று வெளியே ஓடி வந்துவிட்டாள். "திருத்தினா உன்னைக் கொன்னுருவேன். நாளைக்குக் காலையில நீ கிரவுண்டுல நிக்கணும்."

அன்றைக்கு அவள் கொண்டுபோன நாற்பது வார்த்தையில் ஒன்றையும் செலவழிக்காமல் பஸ் ஏறினாள்.

மறுநாள் பயிற்சியில் பாலாம்பிகையைத் தனியாகக் கூப்பிட்டாள். "இனிமே முன்னுக்குப் போயி நிக்காத. எதிராளியைத் தாண்டாம நில்லு. மூக்காயி காலைத் தூக்கினதும் மலையைப் பாத்து ஓடு. பந்தைப் பாக்காத, மலையைப் பாரு. பந்து அங்கதான் வரும்."

முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தரம் ஓடினாள். பந்து அவளுக்கு முன்னால் விழுந்தது. இன்னொரு தரம் ஓடினாள். பந்து மறுபடி அங்கே இருந்தது. மூன்றாம் தரம் ஓடிப் பந்தை வலைக்குள் அடித்துவிட்டுத் திரும்பி வந்து மூக்காயியைக் கட்டிக்கொண்டாள். எதிராளியைத் தாண்டாமல் நின்று ஓடியதால் ஆஃப்சைடும் இல்லை. கோல் கம்பத்திலிருந்து ஹபீலா, "எனக்கும் யாராவது ஏதாவது சொல்லித் தாங்களேன், நான் மட்டும் என்ன பாவம் செஞ்ச?" என்று கத்தினாள்.

ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஹாஜியாருக்கு இது சரியாகப் படவில்லை.

"பிழையத் திருத்தாம, பிழைக்குப் பின்னால ஓடச் சொல்றீங்களே சுந்தரி."

"எங்க கார்மென்ட்டுல ஒரு பிள்ளை, நேர்த்தையல் அவளுக்கு வரவே வராது ஹாஜியார். கழுத்து வளைவுக்கு மாத்திவிட்டேன். இப்ப அவ தைக்கிற கழுத்துதான் முதல் தரம்" என்றாள் சுந்தரி.

குண்டசாலை மைதானத்தில் ஆட்டம். சுந்தரியின் சொந்த ஊர் என்பதால் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிக்கு அவளைத் தெரியும், மீதிக்கு அவள் குரலைத் தெரியும். இராமையா மாஸ்டர் வந்து கைகொடுத்தார்.

"விசிலைக் கொண்டாந்தியா சுந்தரி?"

"கழுத்துலதான் கெடக்கு மாஸ்டர். நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூட்டத்தில் நல்லம்மாவும் இருந்தாள். பிள்ளை ஆடுவதை ஒரு தரமாவது பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்புவோம் என்று முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள்.

ஆட்டம் சூடு பிடிக்குமுன்னே கைரியா ஒரு கோல் போட்டாள். அழகான கோல், குறை சொல்ல முடியாது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு சுந்தரி பக்கம் திரும்பினார். அவள் கழுத்தில் கிடந்த விசிலைப் பார்த்தார்.

மூக்காயியின் முதல் இரண்டு பந்தும் வீணாயிற்று. பாலாம்பிகை பதட்டத்தில் ஓடத் தாமதித்தாள். வெறும் முதுகைப் பார்த்துக் கூட்டத்தில் யாரோ மூக்கு என்று ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மூக்காயி பந்தை எடுக்க ஓடினாளே தவிர அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மலையைப் பாரு" என்று சுந்தரி போட்ட சத்தத்தில் மரத்துக் காகம் பறந்தது.

மூன்றாவது பந்து. மூக்காயி காலைத் தூக்கினாள், பாலாம்பிகை மலையைப் பார்த்துப் பறந்தாள். அந்தப் பாதியில் மலை அவர்களுக்கு இடது பக்கம். குண்டசாலைக்காரிகள் ஆளில்லாத இடத்துக்குப் போகும் பந்தைப் பார்த்துச் சும்மா நின்றார்கள், இது வெளியே போகிற பந்து என்று. போகவில்லை. பாலாம்பிகை அங்கே இருந்தாள். ஒன்றுக்கு ஒன்று.

ஹாஜியார் முழங்காலை மறந்து எழுந்து நின்றார்.

இடைவேளையில் மாஸ்டர் தன் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினார். அனுபவசாலி, ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். "அந்தப் பிள்ளை எல்லாத்தையும் இடது பக்கந்தான் அடிக்குது. ரெண்டு பேர் இடதை அடைச்சு நில்லுங்க, கதை முடிஞ்சுது" என்றார். அவர் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் அடுத்த பாதியில் பக்கம் மாறும்; மலை மாறாது. அதை அவர் யோசிக்கவில்லை. ஒரு மனிதர் எத்தனையைத்தான் யோசிப்பார்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு குண்டசாலைக்காரிகள் இரண்டு பேர் இடது பக்கத்தில் சுவர் மாதிரி நின்றார்கள். மூக்காயிக்குப் பந்து வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள், அடித்தாள். பந்து வலது பக்கம் போனது. "இடது, இடது" என்று கத்திக்கொண்டிருந்த மாஸ்டரின் வாய் திறந்தபடியே நின்றது. காலியாகக் கிடந்த அந்த வலது பக்கத்தில் பாலாம்பிகை தன்னந்தனியாக ஓடிப்போய், நின்று, மூச்சு விட்டு, பந்தை வலைக்குள் உருட்டினாள்.

இரண்டுக்கு ஒன்று. சுந்தரி குதித்த குதியில் செருப்பு ஒன்று எங்கேயோ போய் விழுந்தது.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் குண்டசாலைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கைரியா பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். அவள் பெனால்டியைத் தவறவிட்டதாக யாரும் சொன்னதில்லை. மைதானம் முழுக்க அமைதி, ஹபீலா மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். "வாங்க கைரியா, ஆறுதலா வாங்க, அவசரமில்ல, வீட்டுல உம்மா சுகமா?" நடுவர் அவளை முறைத்தார். கைரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அடித்தாள். ஹபீலா பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

நீண்ட விசில் கேட்டதும் மின்மினிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அதுவரை மூக்கு என்று சிரித்த கூட்டம் இப்போது "மூக்காயி, மூக்காயி" என்று முழுப்பெயரையும் சொல்லிக் கைதட்டியது. குலசாமிக்கே அவ்வளவு பெரிய சத்தம் கேட்டிருக்காது. சுந்தரி ஒற்றைச் செருப்போடு நடு மைதானத்தில் நின்று அழுதாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அதுவும் சத்தமாகத்தான் இருந்தது.

இராமையா மாஸ்டர் மெல்ல ஹாஜியாரிடம் வந்தார்.

"ஹாஜியார், அந்தத் தோட்டத்துப் பிள்ளையை நீங்க விடப் போறதாக் கேள்விப்பட்டேன். விட்டா நான் எடுத்துக்கிறேன். கால்ல என்னமோ மந்திரம் இருக்கு."

"யாரு சொன்ன உடுறதா?" என்றார் ஹாஜியார், அப்படி ஒரு பேச்சைப் பிறந்ததிலிருந்து கேட்டிராத மனிதர் மாதிரி. "மூக்காயி எங்கட மொதல் புள்ள. மொதல் பேரா எடுத்தது." பிறகு சுந்தரி பக்கம் திரும்பி, "நம்பர் கொண்டு வந்தீக்கிறீங்களா?" என்றார்.

கொண்டு வராமலா? தோல்பைக்குள் எட்டாம் நம்பர், வெள்ளைத் துணியில் வெட்டித் தயாராக இருந்தது. ஊசியும் நூலும் இருந்தன. ஒரு கிழமையாக அவள் அதைச் சுமந்து திரிந்தது யாருக்கும் தெரியாது.

"வீட்டுல மெஷின்ல அடிச்சுத் தாங்களேன்" என்றார் ஹாஜியார்.

"இவ்வளவு நாள் வெறும் முதுகோட நின்னது போதும்" என்றாள் சுந்தரி.

புல்லில் உட்கார்ந்து, மூக்காயியைத் திருப்பி நிறுத்தி, போட்டிருந்த ஜேர்சியிலேயே கையால் தைத்தாள். பிள்ளை ஒரு இடத்தில் நின்றால்தானே. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நல்லம்மா வந்தாள். மகள் அவளைப் பார்க்கத் திரும்பினாள். திரும்பியதும் ஊசி இழுபட்டது. பாலாம்பிகை வந்து கட்டிப்பிடித்தாள், மறுபடி இழுபட்டது. வரிசை வரிசையாக மற்றவர்களின் தையலைப் பிரிக்கச் சொல்லும் சுந்தரி, கண் கலங்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.

நல்லம்மா அந்த எட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். "கொழும்புல தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன் மிஸ், இவ வரமாட்டான்னு" என்றாள்.

ஹபீலா பின்னால் வந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை.

"மிஸ், நம்பர் கோணலா ஈக்குது. ஒரு பக்கம் மேல ஏறிப் போயீக்குது."

எல்லாரும் பார்த்தார்கள். கோணல்தான், மறுக்க முடியாது. சுந்தரி பிரித்துத் தைக்க ஊசியை மறுபடி எடுத்தாள். மூக்காயி ஜேர்சியைத் தோளுக்கு மேலே இழுத்துக் கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தாள், பிறகு சுந்தரியின் கையிலிருந்த ஊசியை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"எனக்கு நேராத்தான் தெரியுது மிஸ்" என்றாள்.